சைலோசைபின் ஆய்வகத்துக்குள் வருவதற்கு முன்: எந்தச் சட்டம், எந்த அனுமதி, எவ்வளவு அளவு?

நுண்குழல் கேட்டது:

வணக்கம். இந்தியாவில் உள்ள ஒரு ஆய்வு நிறுவனத்துக்காக விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. வேலை மூன்று பகுதி. சைலோசைபினையும் (மாயக் காளான்களில் உள்ள மனமயக்கப் பொருள்) அது உடலில் மாறும் வடிவமான சைலோசினையும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி) அளவிடும் முறையை நிலைநாட்டுவது முதலாவது. அல்கலைன் பாஸ்படேஸ் நொதி சைலோசைபினைச் சைலோசினாக மாற்றும் வேகத்தைப் பார்ப்பது இரண்டாவது. மூன்றாவது 5-எச்.டி.2ஏ ஏற்பியில் (இப்பொருட்கள் ஒட்டும் செரட்டோனின் ஏற்பி) பிணைப்புச் சோதனை, அதற்கு ஒப்பீடாக எல்.எஸ்.டி.யும் டி.ஓ.ஐ. என்ற செயற்கைச் சேர்மமும் வேண்டும். மனிதருக்கோ விலங்குக்கோ எதுவும் கொடுக்கப்போவதில்லை. நொதியும் செல்களும் மட்டும்தான்.

உத்தேச அளவு: சைலோசைபின் தூள் 50 மி.கி., சைலோசின் தூள் 10 மி.கி., எல்.எஸ்.டி. தரக்கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) மி.லி.க்கு 25 மைக்ரோகிராம், 1 மி.லி. ஆம்பூல் (வாய் உருக்கி மூடிய கண்ணாடிக் குப்பி) பத்து. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கூட்டாளி ஆய்வகங்கள் உண்டு. மாதிரிகள் அங்கும் இங்கும் போய்வர வேண்டியிருக்கலாம்.

என் சந்தேகங்கள்: ஆய்வுக்கு என்று சட்டத்தில் உண்மையிலேயே வழி இருக்கிறதா, இருந்தால் எந்த விதியில்? அமெரிக்க விற்பனையாளர்கள் "விலக்கு பெற்றது" என்று குறிப்பிட்டு விற்கும் தரக்கரைசல்களுக்கும் அனுமதி வேண்டுமா? அட்டவணையில் பெயர் இல்லாத ஒத்த சேர்மங்களை வைத்துச் செய்தால் இந்தத் தொல்லை குறையுமா? பதிவேட்டில் எது தப்பாகப் போகும்?

—

சட்டமும்சேர்மமும் பதில்:

வழி இருக்கிறது, ஆனால் கதவு குறுகல். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விண்ணப்பத்தை எழுதுவது எளிது.

எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் வேர் 1971-இல் வியன்னாவில் கையெழுத்தான மனமயக்கப் பொருட்கள் உடன்படிக்கை. 1976 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. எல்.எஸ்.டி., டி.எம்.டி., மெஸ்கலின், சைலோசைபின், சைலோசின் எல்லாம் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எம்.டி.எம்.ஏ. 1986-இல் சேர்ந்தது. முதல் அட்டவணைக்கு என்றே ஏழாவது உறுப்பு தனியாக இருக்கிறது: அறிவியலுக்கும் மிகக் குறுகிய மருத்துவத் தேவைக்கும் தவிர எல்லாப் பயன்பாட்டையும் தடை செய், அதுவும் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள அல்லது அரசு குறிப்பாக ஒப்புக்கொண்ட நிறுவனத்தில், முறைப்படி அதிகாரம் பெற்ற ஆட்களால் மட்டும், வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடு, கணக்கு வை. இந்த நான்கு சொற்றொடர்களும்தான் எந்த நாட்டு விண்ணப்பப் படிவத்திலும் வேறு வேறு வடிவில் திரும்ப வருகின்றன. யார், எந்த இடத்தில், எதற்கு, எவ்வளவு. ஐந்தாவதாக ஒன்று கேட்டால் அது பெரும்பாலும் பாதுகாப்பு: பூட்டு, அலமாரி, சாவி யாரிடம்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) பிரிவு 8(இ)தான் பொதுத் தடை. தடை சொல்லும் அதே வரியிலேயே "மருத்துவ அல்லது அறிவியல் நோக்கங்களுக்காக, இந்தச் சட்டமும் விதிகளும் சொல்லும் முறையில், சொல்லும் அளவுக்கு" என்ற விலக்கும் இருக்கிறது. இரண்டு பாதியும் நிறைவேற வேண்டும். நோக்கம் அறிவியல் என்பது மட்டும் போதாது, முறையும் விதிப்படி இருக்க வேண்டும்.

அந்த முறை 1985-ஆம் ஆண்டு விதிகளில் அத்தியாயம் 7ஏ, விதி 67ஏ. முந்தைய விதிகளில் என்ன சொல்லியிருந்தாலும், அரசு ஆய்வகம் அல்லது ஆய்வு நிறுவனத்தின் அறிவியல் தேவைக்கு, பகுப்பாய்வுத் தேவை உட்பட, பொருளைப் பயன்படுத்தலாம் என்கிறது. வாங்கியதும் பயன்படுத்தியதும் படிவம் 7-இல் பதிவாக வேண்டும். பயன்படுத்தி முடிந்த பின் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தப் பதிவேடு பத்திரமாக இருக்க வேண்டும். விதி 53-இன் இறக்குமதித் தடைக்கும் இந்த அத்தியாயத்தின் நோக்கங்களுக்காக இறக்குமதிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. சான்றிதழ் தருவது குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகம், அதாவது போதைப்பொருள் ஆணையர். வழக்குப் போடும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் வேறு அமைப்பு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடிதம் தவறான கதவுக்குப் போய்ப் பல வாரம் வீணாவது உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "விதிகளின் அட்டவணை 1-இல் இந்தப் பொருள் இல்லை, ஆகவே அனுமதி வேண்டாம்" என்று சிலர் வாதிப்பார்கள். அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் சஞ்சீவ் தேஷ்பாண்டே வழக்கில் மூடிவிட்டது. சட்டத்தின் அட்டவணையில் இருந்தாலே பிரிவு 8(இ) பாயும்.

பதிவேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால் பிரிவு 54-ஐப் படியுங்கள். பொருள் கையில் இருந்து, அதற்குத் திருப்தியான கணக்குச் சொல்ல முடியவில்லை என்றால், குற்றம் செய்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். உங்கள் திருப்தியான கணக்கு அந்தப் படிவம் 7தான்.

—

ஆம்பூல்77 பதில்:

தரக்கரைசல் பற்றி: அமெரிக்கப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பான டி.இ.ஏ.யின் விலக்குப் பட்டியலில் இருக்கும் ஆம்பூல் என்றால் பெரிய பிரச்சினை இல்லை. அளவு மைக்ரோகிராம்தானே. கூரியரில் வந்துவிடும்.

—

சட்டமும்சேர்மமும் பதில்:

ஆம்பூல்77, இந்த அறிவுரையை யாரும் பின்பற்றிவிடக் கூடாது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த விலக்கு அமெரிக்காவின் உள்நாட்டு விலக்கு. ஆய்வக வேலைக்கென்று தயாரித்த, உட்கொள்ளும் நோக்கமில்லாத கரைசல்களை அவர்கள் சட்டத்தின் சில பிரிவுகளிலிருந்து டி.இ.ஏ. விடுவிக்கிறது. எல்லை தாண்டியதும் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. 1971 உடன்படிக்கையின் மூன்றாவது உறுப்பு கலவைகளுக்கு விலக்குக் கொடுக்க நாடுகளை அனுமதிக்கும்போதே, முதல் அட்டவணைப் பொருட்களை வெளியே நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டத்தின் அட்டவணையோ "மேற்கண்டவற்றின் உப்புகளும் தயாரிப்புகளும்" என்று முடிகிறது. அசிட்டோநைட்ரைலில் கரைந்த எல்.எஸ்.டி.யும் ஒரு தயாரிப்புதான்.

அளவு மைக்ரோகிராம் என்பதும் காப்பாற்றாது. 2001 அக்டோபர் அறிவிக்கையில் எல்.எஸ்.டி.க்குச் சிறிய அளவு 0.002 கிராம், வணிக அளவு 0.1 கிராம். ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கலப்பு இருந்தால் நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. இப்போது ஒரு ஆம்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்.எஸ்.டி. 25 மைக்ரோகிராம். கரைப்பான் 1 மி.லி. அசிட்டோநைட்ரைல், எடை சுமார் 0.79 கிராம். தூய பொருளாகப் பார்த்தால் 80 ஆம்பூல் சேர்ந்தால்தான் சிறிய அளவின் எல்லையே வரும். மொத்தக் கரைசலாக எடைபோடும் தர்க்கத்தைப் பிடித்தால் ஒரே ஆம்பூல் வணிக அளவைத் தாண்டிவிடுகிறது. வணிக அளவுக்குப் பிரிவு 22-இல் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. அனுமதியுள்ள ஆய்வகத்துக்கு இந்தக் கணக்கு எழாது. அனுமதி இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு எழும்.

பிரிட்டன் கூட்டாளிகளும் இதில் ஏமாறுவார்கள். அங்கே 2001-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் "விலக்குப் பொருள்" என்ற வரையறை உண்டு. மனிதருக்கோ விலங்குக்கோ கொடுப்பதற்காக வடிவமைத்ததாக இருக்கக் கூடாது, ஆபத்தான அளவில் மீட்டெடுக்க முடியக் கூடாது, ஒவ்வொரு பகுதியிலும் 1 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது, எல்.எஸ்.டி. வகை என்றால் 1 மைக்ரோகிராம். மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். 25 மைக்ரோகிராம் ஆம்பூல் நேராகவே வெளியே. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள சைலோசின் ஆம்பூல் எல்லையில் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் ஆம்பூல்களை உற்பத்தியாளர் சற்று அதிகமாகவே நிரப்புவது வழக்கம். 1.1 மி.லி. இருந்தால் 1.1 மி.கி. ஆகிவிட்டது.

—

ஆம்பூல்77 பதில்:

திருத்தத்துக்கு நன்றி ஐயா. என் பதிலை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

—

பதிவேடு பதில்:

நுண்குழல், உங்கள் திட்டத்தின் இரண்டாவது பகுதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. கேள்வியில் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாஸ்படேஸ் சைலோசைபினின் பாஸ்பேட்டை வெட்டியதும் கிடைப்பது சைலோசின். அதுவும் அதே அட்டவணைப் பொருள். குழாய்க்குள் நீங்கள் செய்வது வேதியியலில் ஒரு நீராற்பகுப்பு, சட்டத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பொருளை உண்டாக்குவது. "வைத்திருத்தல்" என்று மட்டும் எழுதிய அனுமதி இதைத் தாங்காது. பிரிட்டனில் உற்பத்திக்கு உரிமமே தனி. இந்திய விண்ணப்பத்திலும் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்: இறக்குமதி, வைத்திருத்தல், கரைத்தல், நொதியால் சைலோசினாக மாற்றுதல், பகுப்பாய்வு, அழித்தல். "ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துதல்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்காதீர்கள். ஆய்வாளர் வந்து பார்க்கும் நாளில் வாங்காத சைலோசின் பதிவேட்டில் எப்படி முளைத்தது என்ற கேள்விக்கு அந்த வரிதான் பதில்.

அளவு. 50 மி.கி. எங்கிருந்து வந்தது? சிறிய புட்டி அதுதான் என்பதாலா? விதி 66 "நியாயமான அளவு" என்கிறது, உடன்படிக்கை "தேவையான அளவு" என்கிறது. கணக்குப் போட்டுக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சோதனைத் தட்டின் ஒரு குழியில் 200 மைக்ரோலிட்டர், செறிவு 100 மைக்ரோமோலார் என்று வைப்போம். அது 20 நானோமோல். சைலோசைபினின் மூலக்கூறு எடை 284.25, ஆகவே குழிக்கு 5.7 மைக்ரோகிராம். 96 குழித் தட்டு முழுவதும் 0.55 மி.கி. ஆண்டுக்கு 20 தட்டு என்றாலும் 11 மி.கி.தான். எடைபோடும்போது ஒட்டிக்கொள்வது, பழுதான தட்டுகள், நிலைப்புத்தன்மைச் சோதனை எல்லாம் சேர்த்து 20 மி.கி. கேளுங்கள். 11 மி.கி. முழுதும் மாறினால் எவ்வளவு சைலோசின் வரும் என்பதையும் அதே பக்கத்தில் காட்டுங்கள்: சைலோசின் 204.27, விகிதம் 0.72, அதிகபட்சம் சுமார் 7.9 மி.கி. இந்த ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்தால் உற்பத்தி பற்றிய பயம் பாதி அடங்கும்.

சைலோசின் தூள் 10 மி.கி.யும் கூடுதல். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் 1 மி.லி. செய்ய 2.04 மி.கி. போதும். பிணைப்புச் சோதனைக்கு நானோமோலாரில்தான் இறங்கப்போகிறீர்கள். அதைவிடத் தூளே தேவையா என்று யோசியுங்கள். சைலோசின் தூள் காற்றிலும் ஈரத்திலும் ஆக்சிஜனேற்றமாகி நீலம் பாயும். தரக்கரைசலாகச் சிறு சிறு ஆம்பூல் வாங்கினால் எண்ணிக் கணக்குச் சொல்லலாம். தூளை ஒவ்வொரு முறையும் எடைபோட்டுத்தான் கணக்குச் சொல்ல முடியும்.

அடுத்து, எடை உப்பு வடிவத்திலா, உப்பு சேராத தனிக் கார வடிவத்திலா என்பது. இறக்குமதிச் சான்றிதழில் அளவை எந்த வடிவில் எழுதுகிறீர்கள் என்பதை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் பெரும்பாலும் நீரற்ற தனிக் காரமாகக் கணக்கிடுவார்கள், விற்பனையாளர் இன்வாய்ஸில் உப்பின் எடையைப் போடுவார். எம்.டி.எம்.ஏ. ஹைட்ரோகுளோரைடு 10 மி.கி. என்றால் காரம் 8.4 மி.கி. டி.எம்.டி. பியூமரேட் ஒன்றுக்கு ஒன்று உப்பாக இருந்தால் 10 மி.கி.யில் காரம் 6.2 மி.கி. மட்டுமே. எல்.எஸ்.டி. டார்ட்ரேட் இரண்டுக்கு ஒன்று என்றால் 81 சதவீதம். சான்றிதழில் 6.2, பொட்டலத்தின் மேல் 10 என்றிருந்தால் சுங்கத்தில் நிற்பவருக்கு அது அனுமதிக்கு மேற்பட்ட சரக்கு. விண்ணப்பத்திலேயே "இவ்வளவு உப்பு, அதற்குச் சமமான காரம் இவ்வளவு" என்று இரண்டையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

—

கரைகடந்தவர் பதில்:

பட்டியலில் இல்லாத ஒத்த சேர்மங்கள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இந்தியச் சட்டம் பெயர்ப் பட்டியல் முறை. பெயர் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் அரசு அறிவிக்கை வெளியிட்டுச் சேர்க்கும் வரை வெளியே. பிரிட்டன் பெயரோடு நிற்பதில்லை, அமைப்பு வரையறை வைத்திருக்கிறது. டிரிப்டமின் அல்லது பினெதிலமின் கூட்டில் எந்தெந்த இடத்தில் என்னென்ன மாற்று இருந்தாலும் மிகக் கடுமையான ஏ பிரிவுக்குள் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். எஸ்டர், ஈதர், உப்பு எல்லாமும் சேரும். அதனால் சைலோசினின் அசிட்டேட் எஸ்டர் 1971 உடன்படிக்கையில் பெயரளவில் இல்லாவிட்டாலும் பிரிட்டனில் கட்டுப்பாட்டுப் பொருள். ஜெர்மனியில் இரண்டு அடுக்கு: பெயர்ப் பட்டியல் கொண்ட போதைப்பொருள் சட்டம் ஒன்று, 2016-இல் வந்த குழுவாரிச் சட்டம் இன்னொன்று. முதலாவதில் அனெக்ஸ் ஒன்றுப் பொருளுக்கு அறிவியல் அல்லது பொதுநலன் கருதி விதிவிலக்காக மட்டுமே அனுமதி. இரண்டாவதில் அங்கீகரிக்கப்பட்ட அறிவியல் பயன்பாட்டுக்குச் சட்டத்திலேயே விலக்கு. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும் இரண்டு லைசர்ஜமைடுகளுக்கு (எல்.எஸ்.டி. குடும்பச் சேர்மங்கள்) இரண்டு வகை நடைமுறை.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு அனலாக் சட்டம். அமைப்பிலும் விளைவிலும் கணிசமாக ஒத்திருந்து, மனிதர் உட்கொள்ளும் நோக்கம் இருந்தால், முதல் அட்டவணையாகவே பாவிக்கப்படும். "மனிதர் உட்கொள்ளும் நோக்கம்" என்ற அந்தச் சொற்கள்தான் செல் சோதனை செய்பவர்களைக் காப்பாற்றுகின்றன. மனிதச் சோதனைக்குப் போகும் நாளில் அந்தக் காப்பு போய்விடும்.

நீங்கள் கேட்ட டி.ஓ.ஐ. நல்ல உதாரணம். அயோடின்-125 ஏற்றிய டி.ஓ.ஐ. 5-எச்.டி.2ஏ பிணைப்புச் சோதனையில் பல்லாண்டாகப் பயன்படும் கதிரியக்கக் குறியீட்டுச் சேர்மம். 1971 உடன்படிக்கைப் பட்டியலில் அது இல்லை. அதன் குளோரின் உடன்பிறப்பான டி.ஓ.சி.யை 2020-இல் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிரிட்டனில் பினெதிலமின் வரையறைக்குள் டி.ஓ.ஐ. ஏற்கெனவே அடங்கிவிட்டது. அமெரிக்காவில் டி.ஓ.ஐ., டி.ஓ.சி. இரண்டையும் முதல் அட்டவணையில் போட 2022-இல் முன்மொழிந்தார்கள், ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள், திரும்பப் பெற்றார்கள், 2023 டிசம்பரில் மீண்டும் முன்மொழிந்தார்கள். அதே 2022-இல் ஐந்து டிரிப்டமின்களுக்கான முன்மொழிவு சில மாதங்களில் கைவிடப்பட்டது. ஆகவே மூன்றாண்டுத் திட்டம் எழுதுகிறவர், இன்று பட்டியலுக்கு வெளியே இருக்கும் சேர்மம் நடுவழியில் உள்ளே வரலாம் என்று வைத்துத்தான் எழுத வேண்டும். அறிவிக்கை வந்த நாளில் அலமாரியில் இருப்பதை எண்ணிப் பதிவுசெய்து, திருத்த விண்ணப்பம் போடும் பொறுப்பு யாருடையது என்று முன்பே பெயர் குறித்து வையுங்கள். பட்டியலில் இல்லாததையும் முதல் நாளிலிருந்தே அதே பதிவேட்டில் எழுதி வந்தால் அந்த நாள் சாதாரணமாகக் கழியும்.

டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள்தரங்களை, அதாவது அளவீட்டைச் சரிபார்க்க மாதிரியில் சேர்க்கும் எல்.எஸ்.டி.-டி3 போன்றவற்றை, மூலப் பொருளாகவே பாவித்து அனுமதியில் சேருங்கள். மூன்று ஹைட்ரஜனை மாற்றினால் சட்டம் மாறிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அமெரிக்கக் கூட்டாளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் அட்டவணை ஆய்வாளர் பதிவுக்குப் படிவம் 225, கூடவே ஆய்வு நெறிமுறை: ஆய்வாளரின் தகுதி, நோக்கம், பொருளின் பெயரும் அளவும், இடம், பாதுகாப்பு. இது நீண்ட காலம் இழுக்கும் வேலையாக இருந்தது. 2025 ஜூலை 16-இல் கையெழுத்தான ஹால்ட் பென்டனில் சட்டம் ஒரு குறுக்குவழி திறந்தது. மத்தியச் சுகாதாரத் துறை போன்றவற்றின் நிதியில் நடக்கும் ஆய்வும், புதிய மருந்து ஆய்வு அனுமதியின் கீழ் நடப்பதும் அறிவிப்புக் கொடுத்தே தொடங்கலாம். ஏற்கெனவே முதல் அல்லது இரண்டாம் அட்டவணைப் பதிவு உள்ளவர் 30 நாளில் தொடங்கலாம், புதியவருக்கு 45 நாளில் டி.இ.ஏ. முடிவு சொல்ல வேண்டும். பெயரில் பென்டனில் இருந்தாலும் சைலோசைபினுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சட்டம் முதல் அட்டவணை முழுவதையும் பேசுகிறது. ஒரே நிறுவனத்தின் பல இடங்கள் ஒரே நகரிலோ கவுண்டியிலோ இருந்தால் ஒரே பதிவு போதும் என்றும் ஆக்கியிருக்கிறது. வாங்கும்போது படிவம் 222. அதில் ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருந்தாலும் விற்பனையாளர் ஏற்கக் கூடாது, புதிதாக எழுத வேண்டும். மாநில அனுமதி வேறு.

பிரிட்டன் கூட்டாளி: பல்கலைக்கழகங்களுக்கு இரண்டாம் அட்டவணைக்குக் கீழே சில சலுகைகள் உண்டு, முதல் அட்டவணைக்கு இல்லை. உள்துறையின் உரிமம் கட்டாயம், அது குறிப்பிட்ட வளாகத்துக்கு மட்டும்.

—

நுண்குழல் பதில்:

நொதி மாற்றத்தை "உண்டாக்குதல்" என்று யோசிக்கவே இல்லை, விண்ணப்பத்தைத் திருத்திவிடுகிறேன். அளவையும் 20 மி.கி.க்கு இறக்குகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். காளான் மாதிரியையே எடுத்து அளந்தால் எளிதா? கேரள உயர் நீதிமன்றம் காளான் அட்டவணையில் இல்லை என்று சொன்னதாகப் படித்தேன். அப்புறம், சரக்கு வரும் வரிசை எப்படி?

—

சட்டமும்சேர்மமும் பதில்:

காளான் வழி வேண்டாம். 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது ஒரு ஜாமீன் மனுவில். காளான் இயற்கையாக வளரும் பூஞ்சை, ஹீரா சிங் வழக்கில் சொன்ன "கலவை" அல்ல, அதனால் மொத்த எடையை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது என்பதே அதன் சாரம். 1971 உடன்படிக்கையும் செடிகளையும் காளான்களையும் பெயரிட்டுச் சேர்க்கவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் சைலோசைபின் அட்டவணையில்தான் இருக்கிறது. நீங்கள் மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கும் கணத்திலேயே கையில் இருப்பது அட்டவணைப் பொருளின் தயாரிப்பு. ஜாமீன் உத்தரவைத் தூக்கிக்கொண்டு ஆய்வகம் நடத்த முடியாது. பிரிட்டனில் 2005 ஜூலையிலிருந்து சைலோசினோ அதன் எஸ்டரோ உள்ள எந்தப் பூஞ்சையும் ஏ பிரிவு. நெதர்லாந்தில் காளான் 2008 டிசம்பரிலிருந்து தடை, நிலத்தடி ட்ரஃபிள் தடையில்லை. ஒரே உயிரியின் இரண்டு உறுப்புகளுக்கு இரண்டு சட்டம். இதை நம்பி மாதிரி வரவழைத்தால் எந்த எல்லையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சரக்கு வரிசைக்கு விதி உடன்படிக்கையின் 12-ஆவது உறுப்பு. இறக்குமதி நாட்டின் சான்றிதழ் முதலில். அதன் அசலை ஏற்றுமதியாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைக் காட்டித் தன் நாட்டில் ஏற்றுமதி அனுமதி வாங்குவார். சரக்கோடு அந்த அனுமதியின் நகல் வரும். வந்து சேர்ந்த அளவை எழுதி இங்குள்ள அதிகார அமைப்பு மேலொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி. பாதி இப்போது, மீதி அப்புறம் என்று ஒரே சான்றிதழில் இரண்டு முறை அனுப்ப முடியாது. தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பக் கூடாது, சுங்கக் கிடங்கில் இறக்கி வைக்கவும் கூடாது. சான்றிதழுக்கு முடிவுத் தேதி உண்டு. ஏற்றுமதி அனுமதி தாமதமாகி இங்கே தேதி முடிந்துபோவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. ஆகவே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஏற்றுமதியாளரிடம் அங்கே எத்தனை வாரம் ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் மூன்று தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் துறையின் பெயர், இன்னொன்றில் பல்கலைக்கழகத்தின் பெயர் என்றால் அதற்கே நிற்கும்.

—

பதிவேடு பதில்:

கடைசிக் கேள்வி, பதிவேட்டில் எது தப்பாகும் என்பது. என்னைப் பொறுத்தவரை தப்பு வருவது திருட்டால் அல்ல, ஆவியாதலாலும் ஒட்டலாலும்.

தூள் என்றால் புட்டியோடு சேர்த்த மொத்த எடையை ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எழுதுங்கள். 0.01 மி.கி. வரை காட்டும் தராசு, அதே தராசு, மூடியும் அதே மூடி. மூடியில் புதிதாக ஒட்டிய லேபிள் 30 மி.கி. இருக்கும், உங்கள் இருப்பைவிட அது கூடுதல். லேபிளை முதல் எடைக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். மின்னூட்டத்தால் தூள் தெறிக்கும், அதற்குத் தாராளமாக அயனியாக்கி பயன்படுத்துங்கள். முடிந்தால் புட்டியைத் திறந்த முதல் நாளே முழுவதையும் கரைத்துச் சம பங்குகளாகப் பிரித்து, எண் போட்டு, உறைநிலையில் வைத்துவிடுங்கள். பிறகு எண்ணினால் போதும்.

ஆம்பூல் உடைத்தால் லேபிள் அளவையே வரவாக எழுதுங்கள், மீந்ததை மீந்தது என்று தனி வரியில். திறந்த ஆம்பூலை மறுபடி மூடி வைக்காதீர்கள். அசிட்டோநைட்ரைல் பறந்து செறிவு ஏறும், கன அளவு குறையும், பதிவேடும் பகுப்பாய்வும் ஒன்றையொன்று மறுக்கும்.

சிதைவை இழப்பாக எழுதக் கூடாது. எல்.எஸ்.டி. ஒளியில் லூமி-எல்.எஸ்.டி. ஆகும், காரத்தன்மையில் ஐசோ வடிவத்துக்கு மாறும். கருவி 92 சதவீதம் காட்டினால் பதிவேட்டில் நிறை அப்படியே இருக்கட்டும், குறிப்புப் பத்தியில் தேதியோடு "தூய்மை 92" என்று எழுதுங்கள். நிறையைக் குறைத்து எழுதினால் 8 சதவீதம் எங்கே போனது என்ற கேள்வி வரும்.

கழிவு: எல்.சி. கழிவுக் குடுவையிலும் பொருள் இருக்கிறது. அதைத் தனிக் குடுவையில் பிடித்து, கருவிக்குள் எத்தனை முறை மாதிரி செலுத்தினீர்கள் என்ற எண்ணிக்கையை வைத்து மொத்தத்தைக் கணக்கிட்டு எழுதுங்கள். அழிப்பதற்கு அமெரிக்காவில் படிவம் 41, இரண்டு ஊழியர் நேரில் பார்த்துக் கையெழுத்து, மீட்டெடுக்க முடியாத நிலை என்ற தரம். உங்கள் இடத்தில் அனுமதி ஆணையில் அழிக்கும் முறை எழுதியிருந்தால் அதன்படி. எழுதவில்லை என்றால் முதல் கழிவு சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலாவதியான புட்டி ஐந்து ஆண்டு பூட்டிய அலமாரியில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு கடிதம் இல்லாததுதான்.

மாதிரி பகிர்வு. பக்கத்துக் கட்டடத்தில் உள்ள பொதுக் கருவிக்கு ஒரு குப்பியை எடுத்துப்போவது சிறிய காரியமாகத் தோன்றும். அனுமதி உங்கள் அறைக்குத்தான் என்றால் அது அனுமதியில்லாத இடத்தில் வைத்திருத்தல், அங்கிருப்பவர் கையில் கொடுத்தால் வழங்குதல். இரண்டு அறையையும் விண்ணப்பத்தில் வரைபடத்தோடு காட்டுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு தரவை மட்டும் பகிருங்கள். அவரவர் நாட்டில் அவரவர் அனுமதியில் வாங்கிய பொருளில், ஒரே நெறிமுறையில், ஒரே தொகுதி எண்ணில் சோதனை நடந்தால் ஒப்பீட்டுக்கு அது போதும். குப்பி எல்லை தாண்ட வேண்டியதே இல்லை.

உறைபெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பெயர். ஒருவர் விடுப்பில் போகும்போது சாவி கைமாறுவதையும் பதிவேட்டிலேயே எழுதுங்கள், நேரத்தோடு.